மழைக்காலத்துக்கு முன் டயர் மாத்தணுமா? கையைக் கடிக்காமல் நல்ல டயர் வாங்குவது எப்படி?

மைவி காரின் முன் டயர் இரண்டும் தேய்ந்து வழவழ என்று ஆகிவிட்டன. சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. டயர் கடைக்காரர் நாலு பிராண்ட் பெயரைச் சொல்கிறார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு டயருக்கே 80, 100 ரிங்கிட் வித்தியாசம். "கறுப்பா, வட்டமா இருக்கு. எல்லாம் ஒண்ணுதானே?" என்று மனசு சொல்லும். பர்ஸும் அதையேதான் சொல்லும்.

எல்லாம் ஒன்று இல்லை. அதற்காக விலை அதிகமான டயர்தான் நல்ல டயர் என்றும் இல்லை. சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதுதான்: காருக்குச் சரியான அளவு, சமீபத்தில் தயாரானது, ஈரச் சாலையில் பிடிப்பு உள்ளது. இந்த மூன்றும் பொருந்தும் புது டயரை உங்கள் பட்ஜெட்டுக்குள் தேடுங்கள். பிராண்ட் பெயரைப் பிறகு பார்க்கலாம். பெரிய பிராண்டின் பழைய டயரைவிட, மலிவு பிராண்டின் புது டயர் பெரும்பாலும் நல்ல பேரம். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

யாரும் வந்து பார்க்கப் போவதில்லை

லாரி, பேருந்து, டாக்சி எல்லாம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற பரிசோதனை மையத்துக்குப் போய் வர வேண்டும். மூன்று ஆண்டைக் கடந்த இ-ஹெய்லிங் கார்களுக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. ஆனால் மலேசியாவில் சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கு அப்படி வழக்கமான பரிசோதனை கிடையாது. காரை விற்கும்போது, பெயர் மாற்றும்போது போன்ற சமயங்களில் மட்டுமே அது பரிசோதனைக்குப் போகும். ஆக, ஒருவர் ஏழெட்டு வருடம் ஒரே காரை ஓட்டினால், அந்தக் காலம் முழுக்க அதன் டயரைச் சட்டப்படி யாரும் குனிந்து பார்க்காமலே போகலாம். பண்டிகைக் காலச் சாலைச் சோதனையில் ஜே.பி.ஜே. அதிகாரி பார்த்து சம்மன் கொடுத்தால்தான் உண்டு.

பினாங்கில் இது கொஞ்சம் கூடுதலாகவே முக்கியம். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இங்கே மழை அதிகம். மாலை ஐந்து மணிக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் விடும் நேரமும் மழை கொட்டும் நேரமும் பல நாள் ஒன்றாகவே வரும். துன் டாக்டர் லிம் சொங் இயூ விரைவுச்சாலையில் வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டிப் போகும். அதற்கப்புறம் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம். அந்தப் பக்கம் பாலிக் பூலாவ் போக வேண்டுமென்றால் துன் சர்டோன் சாலையின் செங்குத்தான வளைவுகள். பத்து ஃபிரிங்கியிலிருந்து தெலுக் பஹாங் போகும் கடலோரச் சாலையும் நேராக இருக்காது. இப்படிப்பட்ட இடங்களில் காரையும் சாலையையும் சேர்த்துப் பிடித்திருப்பது நான்கு டயரும் தரையைத் தொடும் இடம் மட்டுமே. ஒரு டயருக்கு அது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு.

இப்போதே மாற்ற வேண்டுமா?

முதலில் கையில் இருக்கும் டயரைப் பாருங்கள். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பக்கவாட்டில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ அந்த இடத்தைக் காட்டும். அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மலாயில் 'போத்தாக்' என்கிறோமே, அந்த மொட்டை நிலை இதற்கும் அடுத்த கட்டம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு இறங்கும்போதே மழையில் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் சக்தி நன்றாகக் குறைந்துவிடும். மழைக்காலம் வரப்போகிறது, பள்ளம் 3 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால், இப்போதே விலை விசாரிக்கத் தொடங்குவது புத்திசாலித்தனம். அவசரத்தில் வாங்கும் டயர் எப்போதும் விலை கூடத்தான் இருக்கும்.

தேய்மானம் மட்டும் இல்லை. பக்கவாட்டில் பலூன் மாதிரி வீக்கம் வந்திருந்தால், உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். பள்ளத்தில் இறங்கி அடிபட்டபின் இப்படி வரும். அந்த டயரோடு பாலம் ஏறாதீர்கள். பக்கவாட்டில் ஆணி குத்தினாலும் ஒட்டுப் போடக் கூடாது. தரையைத் தொடும் நடுப்பகுதியில் விழும் சிறு ஓட்டையை மட்டும்தான் சரிசெய்யலாம்.

டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், புது டயர் வாங்குவதற்கு முன் அலைன்மென்டைப் பாருங்கள். இல்லையென்றால் புது டயரும் அதே மாதிரி தேயும்.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன?

உதாரணத்துக்கு மைவியையே எடுப்போம். 1.3 லிட்டர் ரகத்தில் 175/65 ஆர்14 என்று இருக்கும். 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கவாட்டுச் சுவரின் உயரம், அகலத்தில் 65 விழுக்காடு. ஆர் என்றால் ரேடியல் வகை. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 1.5 லிட்டர் ரகத்தில் 185/55 ஆர்15.

இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவது டயரின் மொத்த உயரம் சுமார் 583 மில்லிமீட்டர், இரண்டாவது 584. கிட்டத்தட்ட ஒன்றுதான். ரிம் பெரிதானால் டயர்ச் சுவர் சிறிதாகும், மொத்த உயரம் மாறாது. இப்படிப் பொருந்தாமல் அளவை மாற்றினால் வேகமானி தப்பாகக் காட்டும், டயர் உள்ளே உரசவும் கூடும். "இந்த சைஸ் ஸ்டாக் இல்ல, இது போட்டாலும் ஓகேதான் போஸ்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் காரின் அளவு ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டைலுக்காகப் பெரிய ரிம் போட்ட செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒவ்வொரு முறை டயர் மாற்றும்போதும் அந்த ஸ்டைலுக்கு நீங்கள்தான் காசு கட்டுவீர்கள். பழைய அளவு ரிம் ஒரு செட் வாங்கிப் போட்டால்கூட ஓரிரு முறையில் செலவு திரும்பிவிடலாம்.

அளவுக்குப் பின்னால் 82டி, 82எச் என்று ஒன்று இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ வரை தாங்கும். எழுத்து வேக வரம்பு: டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் 210, வி 240. நெடுஞ்சாலையிலேயே 110-தான் வேக வரம்பு, 240-க்கு என்ன தேவை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் காரோடு வந்த எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே இறங்கக் கூடாது என்பதே பொது விதி. குறிப்பாக அந்த எண்ணில் விட்டுக்கொடுக்காதீர்கள். தைப்பூசத்துக்கு ஐந்து பேர், பின்னால் பூட் நிறைய சாமான் என்று ஏற்றும்போது அதன் அருமை தெரியும்.

டயருக்கும் பிறந்த தேதி உண்டு

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் நீள வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஜூன் மாதம். ஒரு பக்கம் மட்டுமே இது அச்சாகியிருக்கலாம். அப்படியென்றால் டயரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

ரப்பர் வயதாக ஆக இறுகும். வெயில், வெப்பம் இரண்டும் அதை வேகப்படுத்தும். அது இரண்டுக்கும் நம் ஊரில் பஞ்சமே இல்லை. ஐந்து ஆண்டு பயன்படுத்தியபின் ஆண்டுக்கு ஒருமுறை டயரைச் சோதிக்கச் சொல்கிறது மிஷலின். தயாரித்து பத்து ஆண்டு ஆகிவிட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றச் சொல்கிறது. ஸ்பேர் டயருக்கும் இதுவே கணக்கு.

இதில்தான் பேரம் பேச இடம் இருக்கிறது. கடையில் ஒன்றரை வருடமாக நிழலில் அடுக்கி வைத்த டயர் கெட்டுப்போனதல்ல. தேதியைக் காட்டி விலை குறைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். மூன்று வருடத்தைத் தாண்டியிருந்தால் எங்கள் ஆலோசனை: விட்டுவிடுங்கள். உங்களிடம் வருவதற்கு முன்பே அதன் ஆயுளில் ஒரு பங்கு போய்விட்டது. "மெகா சேல்" என்று பேனர் கட்டினால், முதலில் இந்த நான்கு இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஈரத்தில் நிற்குமா?

காய்ந்த சாலையில் நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஓட்டிப் பார்த்துவிட்டு, "மலிவுதான், ஆனா நல்லாத்தான் இருக்கு" என்று எல்லோரும் சொல்வது அதனால்தான். வித்தியாசம் மழையில்தான் வெளிவரும், அதுவும் பிரேக் மிதிக்கும் அந்த நொடியில்.

இரண்டு விஷயம் அங்கே வேலை செய்கிறது. ஒன்று, பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றும் வடிவம். அது தண்ணீரை வேகமாக ஒதுக்காவிட்டால் டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது போலத் தோன்றுவது இதுதான். இன்னொன்று, ரப்பர்க் கலவை. கலவையில் சிலிக்கா சேர்த்தால் ஈரத்தில் பிடிப்பு கூடும். சில மலிவு டயர்கள் சீக்கிரம் தேயாதபடி ரப்பரைக் கடினமாக்கி வைத்திருக்கும். "80,000 கிலோமீட்டர் ஓடும்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் டயர், மழையில் எப்படி நிற்கும் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

ஐரோப்பாவில் ஒவ்வொரு டயருக்கும் ஈரப் பிடிப்பு மதிப்பெண் எழுத்தாக ஒட்டப்படுகிறது. அங்கே முன்பிருந்த லேபிள் முறையில், மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் ஒரு சாதாரண கார், ஏ தர டயரில் நிற்பதைவிட எஃப் தர டயரில் 18 மீட்டர் வரை தள்ளிப் போய் நிற்கும் என்று சொல்லப்பட்டது. 18 மீட்டர் என்றால் நான்கு மைவியை வரிசையாக நிறுத்தும் நீளத்துக்கும் மேல். முன்னால் போகும் கார் திடீரென நின்றால் இந்த நீளம்தான் தீர்ப்புச் சொல்லும்.

நம் கடைகளில் எல்லா டயரிலும் அந்த லேபிள் இருக்காது. ஆனாலும் பார்க்க வழி உண்டு. டயர்ச் சுவரில் ஒரு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், அது ஐ.நா. வாகன விதிகளின்படி சோதித்து ஒப்புதல் பெற்றது. எண் எந்த நாடு ஒப்புதல் தந்தது என்பதைக் காட்டும்: 4 என்றால் நெதர்லாந்து, 52 என்றால் மலேசியா. ஒப்புதல் எண்ணின் கடைசியில் எஸ், டபிள்யூ, ஆர் எழுத்துகள் சேர்ந்து வந்தால் சத்தம், ஈரப் பிடிப்பு, உருளும் தடை மூன்றிலும் குறைந்தபட்ச அளவைத் தாண்டியது. நமக்கு வேண்டியது அந்த டபிள்யூ. அடுத்து, 'டிராக்‌ஷன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி என்று ஏதாவது ஒன்று இருக்கும். இது அமெரிக்க முறை, ஈரத் தரையில் பிரேக் பிடிப்பதைக் குறிப்பது. ஏ அல்லது ஏஏ இருந்தால் எடுக்கலாம். அதே இடத்தில் 'டிரெட்வேர்' 300, 420 என்று இருப்பது தேய்மான மதிப்பெண். இதை நிறுவனங்கள் தாங்களே சோதித்துப் போடுகின்றன, எனவே ஒரு பிராண்டை இன்னொன்றோடு ஒப்பிட அதை முழுசாக நம்ப வேண்டாம்.

அதே மாடல் ஐரோப்பாவிலும் விற்கிறது என்றால் அதன் லேபிளை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஆனால் ஒரே பெயரில் வரும் டயர் எல்லா நாட்டிலும் ஒரே கலவையில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த பிராண்ட்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நாங்கள் வேண்டுமென்றே பின்னால் வைத்திருக்கிறோம்.

பெரிய நிறுவனங்களுக்கு மலிவான தம்பி பிராண்டுகள் உண்டு. கான்டினென்டலுக்கு வைக்கிங், ஹான்கூக்குக்கு லாஃபென், பிரிட்ஜ்ஸ்டோனுக்கு ஃபயர்ஸ்டோன். விளம்பரச் செலவு குறைவு, தொழில்நுட்பம் ஒரு தலைமுறை பழசாக இருக்கலாம், ஆனால் பின்னால் நிற்பது பெரிய கம்பெனி. நடுத்தர பட்ஜெட்டுக்கு முதலில் விசாரிக்க வேண்டிய பக்கம் இது. நமக்குப் பழக்கமான சில்வர்ஸ்டோன், பேராக் தைப்பிங் அருகே கமுந்திங்கில் பிறந்த பிராண்ட். இப்போது ஜப்பானின் டோயோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

சீன பிராண்ட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. வெஸ்ட்லேக் டயரைத் தயாரிக்கும் இசட்.சி. ரப்பர், விற்பனையில் உலகின் முதல் பத்து டயர் நிறுவனங்களில் ஒன்று. எனவே 'சீனா' என்ற ஒரு சொல்லை வைத்து ஒதுக்கவும் முடியாது, பெயரே கேள்விப்படாத ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் முடியாது. மேலே சொன்ன குறிகள் சுவரில் இருக்கின்றனவா, உள்ளூரில் அதற்கு முகவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

'மேட் இன் மலேசியா' வாங்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: ஷா ஆலமில் 1972-இல் தொடங்கிய குட்இயர் தொழிற்சாலை 2024 ஜூனோடு மூடப்பட்டது. சுமார் 550 பேருக்கு வேலை போனது. பால்மரம் சீவிய தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளான நாம் இன்று தாய்லாந்திலும் சீனாவிலும் செய்த டயரை வாங்குவது சாதாரணமாகிவிட்டது. டயர் எங்கே செய்தது என்பதைச் சுவரிலேயே படிக்கலாம். அது தரத்துக்கு அத்தாட்சி ஆகாது.

உண்மையில் எது மலிவு?

கணக்குக்காக இரண்டு டயர் வைத்துக்கொள்வோம். ஒன்று 130 ரிங்கிட், 30,000 கிலோமீட்டர் ஓடும். இன்னொன்று 210 ரிங்கிட், 50,000 கிலோமீட்டர் ஓடும். முதலாவது ஒரு கிலோமீட்டருக்கு 0.43 சென். இரண்டாவது 0.42 சென். விலையில் 80 ரிங்கிட் வித்தியாசம், ஓட்டத்தில் வித்தியாசமே இல்லை. டயர் மாற்றும் கூலி, பேலன்சிங், வால்வு எல்லாம் ஒவ்வொரு முறையும் தனியாக வரும் என்பதையும் சேர்த்தால் விலை கூடியது கொஞ்சம் லாபம்.

இது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி. சுங்கை பட்டாணியிலிருந்து பாயான் லெப்பாஸுக்குத் தினமும் வந்து போகிறவர் ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறார். ஆண்டுக்கு 25,000 தாண்டும். அவருக்கு 50,000 கிலோமீட்டர் டயர் இரண்டே வருடத்தில் தேய்ந்துவிடும், முழுப் பலனும் கிடைக்கும். தினமும் நெடுஞ்சாலை, பாலம், மழை என்று போகிறவர் என்பதால் கூடுதல் விலைக்கு வேறு காரணமும் வேண்டாம்.

ஆயர் ஈத்தாமில் வீடு, கொம்தார் பக்கம் வேலை, வார இறுதியில் குர்னி என்று ஓட்டுகிறவர் ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர்தான் ஓட்டுவார். 50,000 கிலோமீட்டர் முடிக்க அவருக்கு ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகிவிடும். நீண்ட ஓட்டத்துக்காக அவர் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. ஈரப் பிடிப்புள்ள மலிவான புது டயர் வாங்கி, மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிடுவது அவருக்குச் சரி. கடைக்குப் போவதற்கு முன் உங்கள் ஓடோமீட்டரைப் பார்த்து, ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் டயர், செலுப் டயர்

"ஜப்பான் டயர், 80 விழுக்காடு பூ இருக்கு, 60 ரிங்கிட்" என்று சொல்வார்கள். பூ இருக்கலாம். அந்த டயர் எத்தனை பள்ளத்தில் விழுந்தது, காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்பது தெரியாது. உள்ளிருக்கும் இழை அறுந்திருந்தால் வெளியே தெரியாது. தேதி பெரும்பாலும் ஐந்து ஆறு வருடம் பழசு. குளிர்நாட்டிலிருந்து வரும் டயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த சின்னம் இருந்தால், அது பனிக்காலத்துக்குச் செய்தது. மிக மென்மையான ரப்பர். நம் 32 டிகிரி வெயிலில் அது கொழகொழவென்று ஆகி வேகமாகத் தேயும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

60 ரிங்கிட்டுக்கு ஒரு வருடம் ஓடும் பழைய டயரைவிட, 130 ரிங்கிட்டுக்கு மூன்று வருடம் ஓடும் புதியது மலிவு. பாதுகாப்பைக் கணக்கில் சேர்க்காமலே இது உண்மை.

செலுப் எனப்படும் மறுபூச்சு டயர் வேறு கதை. முறையாகச் செய்தால் அது நல்ல தொழில்நுட்பம். லாரி, பேருந்து மட்டுமல்ல, விமானங்களிலும் அது உண்டு. சின்னக் காருக்கு அதில் மிச்சமாகும் காசு குறைவு, அதனால் தேடிப் போக வேண்டியதில்லை.

இரண்டா, நான்கா?

நான்கும் ஒன்றாக மாற்ற முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இரண்டாக மாற்றலாம், ஆனால் ஒரே அச்சில் வரும் இரண்டும் ஒரே பிராண்ட், ஒரே மாடலாக இருக்கட்டும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் வேறு ஒன்று என்றால் மழையில் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

இப்போது பலரும் ஒத்துக்கொள்ளாத ஒன்று. புது டயர் இரண்டையும் பின்னால்தான் போட வேண்டும். "முன் சக்கரம்தானே இழுக்குது, முன்னாலதானே தேயுது, புதுசு முன்னாலதான்" என்று கடைக்காரரே சொல்வார். காரணம் இதுதான்: முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும். அனுபவமுள்ள ஓட்டுநருக்கே அதைத் திருப்புவது கஷ்டம். மிஷலின், கான்டினென்டல் போன்ற தயாரிப்பாளர்களும் இதையே பரிந்துரைக்கிறார்கள். பின்னாலிருக்கும் நல்ல டயரை முன்னால் கொண்டுவந்து, புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். கூலி சற்றுக் கூடலாம்.

கடைக்குப் போவதற்கு முன்

மூன்று நான்கு கடைக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள். தீவில் ஜெலுத்தோங் பக்கமும், பெருநிலத்தில் பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் கடைகள் நெருக்கமாக உண்டு. மலாயிலோ ஆங்கிலத்திலோ இப்படிக் கேட்டால் போதும்: "175/65 ஆர்14, இரண்டு டயர். எந்த பிராண்ட், எந்த மாடல், எந்த வருடம் எந்த வாரம்? மாற்றும் கூலி, பேலன்சிங், வால்வு, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" மொத்தம் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். டயர் விலை மட்டும் பத்து ரிங்கிட் குறைவாகச் சொல்லிவிட்டு மற்றதில் சேர்த்துக்கொள்வது சகஜம்.

பதில்களை வைத்து அடுத்த கடையில் பேரம் பேசலாம். ஷோப்பி, லசாடாவிலும் மாற்றும் கூலியோடு விற்கிறார்கள். தேதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நைட்ரஜன் நிரப்பச் சொன்னால்? சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் காசில் அலைன்மென்ட் செய்யலாம். தூக்கி வைத்த காருக்குக் கீழே டார்ச் அடித்து, "அப்சார்பர் போச்சு, புஷ் போச்சு, உடனே மாத்தணும்" என்றால் பதற்றப்பட வேண்டாம். போட்டோ எடுத்துக்கொண்டு, வேறு ஒரு வோர்க்‌ஷாப்பில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். உண்மையாகவும் இருக்கலாம், அதனால் காட்டாமலும் விட வேண்டாம்.

ரசீதில் பிராண்ட், மாடல், அளவு, தேதி இலக்கம் நான்கும் இருக்கட்டும். சில பிராண்டுகள் சாலைக் குழியில் விழுந்து சேதமான டயரை மாற்றித் தரும் திட்டம் வைத்திருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால்தான் செல்லும் என்று நிபந்தனை இருக்கலாம், அங்கேயே நின்று பதிவு செய்துவிடுங்கள்.

புது டயர் என்று சொல்லிப் பழையதைப் போட்டிருந்தால், அல்லது டயரில் உற்பத்திக் குறை இருந்து கடை கைகழுவினால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், மஸ்ஜித் நெகிரி சாலையிலுள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேட்கலாம். ரசீது இல்லாமல் போனால் யாராலும் பெரிதாக உதவ முடியாது.

மாற்றிய பிறகு

புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு கொஞ்ச நாள் இருக்கும். முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், முக்கியமாக மழையில். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். முன்னும் பின்னுமாக 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிப் போட்டால் நான்கும் சமமாகத் தேயும்.

காற்று மாதம் ஒருமுறை. பெட்ரோல் நிலையத்துக் கருவி கிலோபாஸ்கலில் காட்டும். 220 என்றால் பழைய கணக்கில் 32 பி.எஸ்.ஐ. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கதவருகே இருக்கும் அதே ஸ்டிக்கரில் உண்டு. டயர்ச் சுவரில் அச்சாகியிருப்பது உச்ச அளவு, அதை நிரப்பக் கூடாது. வெகுதூரம் ஓட்டிச் சூடான டயரில் அளந்தால் கூடுதலாகக் காட்டும், அதனால் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் காலையிலேயே பார்ப்பது நல்லது.

கழற்றிய பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். "பூச்செடி வைக்கலாம்" என்று வீட்டுக்கு எடுத்துவந்து பின்புறம் போட்டு வைத்தால், முதலில் குடிவருவது ஏடிஸ் கொசுதான். டிங்கி சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரி அபராதம் போட்டால், டயரில் மிச்சம் பிடித்த காசு அதோடு போய்விடும்.